புதிய சிறுநீரகம் வந்த பிறகு



மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் தொடர் சிகிச்சைக்கு வரும்போது எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. உடம்பும் நன்றாக இருக்கிறது. இன்னும் எதற்கு இத்தனை மாத்திரை?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தெரியாமல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள், அருமையாகக் கிடைத்த சிறுநீரகத்தையே இழக்க நேரிடுகிறது. அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் சபையிலோ தெருவிலோ இருக்கக்கூடும். ஆகவே இந்த இதழில் அதை விளக்க விரும்புகிறோம்.

கைமுட்டியளவே உள்ள நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராக வெளியேற, மீதி உடலுக்கே திரும்புகிறது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு போன்றவற்றால் இவை அடியோடு கெட்டுப்போனால் டயாலிசிஸ் தேவைப்படும். வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அந்த நாள் முழுவதும் போய்விடும். பலருக்கு வேலையும் போய்விடும். மாற்றுச் சிறுநீரகம் இந்தக் கட்டிலிருந்து விடுதலை தருகிறது.

ஆபரேஷனில் பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்து, இடுப்புப் பகுதியின் இரத்தக் குழாய்களோடு இணைத்து, அதன் சிறுநீர்க் குழாயைச் சிறுநீர்ப்பையில் பொருத்துகிறார்கள். சில மணி நேரத்தில் முடிகிற வேலை இது. அதற்குப் பின் வருவதே நீண்ட போராட்டம்.

உடல் ஏன் எதிர்க்கிறது?

வீட்டு நாய் திருடனைப் பார்த்தும் குரைக்கும், புதிய விருந்தாளியைப் பார்த்தும் குரைக்கும். நம் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களும் அப்படியே. கிருமியை எதிர்ப்பதுபோலவே, பிறரிடமிருந்து வந்த சிறுநீரகத்தையும் அந்நியமென்று கண்டு அழிக்கப் பார்க்கின்றன.

1954-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மரே செய்த மாற்று ஆபரேஷன் வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்கள் என்பதே. உடலுக்கு வேற்றுமை தெரியவில்லை. சிறுநீரகம் கொடுத்த சகோதரர் 79 வயது வரை வாழ்ந்து 2010-இல் காலமானார்.

எல்லாருக்கும் இரட்டையர் இருப்பதில்லையே! ஆகவே இரத்த வகையும் திசுப் பொருத்தமும் பார்க்கப்படுகின்றன. தாயோ தகப்பனோ கொடுத்தால் பாதிப் பொருத்தம் உண்டு. உடன்பிறந்தவர் முழுப் பொருத்தமாக அமைவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. மீதி வேற்றுமையை மருந்துதான் சமாளிக்க வேண்டும். 1960-களில் அசாதயோபிரினும் ஸ்டீராய்டும் இதற்கு உதவின. அந்நாட்களில், 1971-ஆம் ஆண்டில், இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. பின்னர் 1980-களில் சைக்ளோஸ்போரின் புழக்கத்துக்கு வந்தபோது நிலைமை மிகவும் முன்னேறியது. இப்போது டாக்ரோலிமஸ் அதிகமாகப் பயன்படுகிறது.

நாயைக் கட்டிப்போட்டால்

இம்மருந்துகள் செய்வது நாயைக் கட்டிப்போடுகிற வேலை. விருந்தாளி பத்திரமாக இருக்கலாம். ஆனால் திருடனுக்கும் வழி திறக்கிறது. சாதாரணச் சளியும் காய்ச்சலும் இவர்களுக்குப் பெரிதாகிவிடக்கூடும். நம் நாட்டில் முக்கியமாக அஞ்ச வேண்டியது காசநோய். பல ஆண்டுகளாக உடலில் உறங்கிக் கிடந்த கிருமி இப்போது விழித்துக்கொள்ளலாம்.

அதற்குச் சிகிச்சை செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸையும் சைக்ளோஸ்போரினையும் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்துவிடுகிறது. இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்தால், சிறுநீரகத்தை உடல் எதிர்க்கத் தொடங்கும். அளவை உயர்த்தினால் செலவு கூடும்; மிஞ்சிப் போனால் அதே மருந்து சிறுநீரகத்தையே கெடுக்கும். ஆகவேதான் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்து, அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. வேறு மருத்துவரிடம் போகிறவர், தாம் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். ஆண்டுகள் பல ஆனாலும் நாய் அந்த விருந்தாளியோடு முழுமையாகப் பழகுவதில்லை. கட்டை அவிழ்த்தால் பாய்ந்துவிடும். அதன் தொடக்கத்தில் பெரும்பாலும் வலியும் இராது, காய்ச்சலும் இராது. இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு மட்டும் மெல்ல ஏறும். கால் வீங்கி, சிறுநீர் குறைந்து, நோயாளி ஓடி வருவதற்குள் சில வேளைகளில் காலம் கடந்திருக்கும். உடம்பு நன்றாக இருப்பது அந்த மாத்திரையினால்தான்.

மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எல்லாரும் அறியாமையால் நிறுத்துவதில்லை. பள்ளிக் கட்டணமோ வீட்டு வாடகையோ நெருக்கும் மாதத்தில், நன்றாக இருப்பதாகத் தோன்றும் உடம்பின் மருந்துதான் முதலில் தள்ளிவைக்கப்படுகிறது. ஆபரேஷனுக்காக ஊர் கூடி உதவுகிறது. மூன்றாம் ஆண்டின் மாத்திரையை யாரும் நினைப்பதில்லை.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறாரா? அவருக்காக ஜெபியுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது, "நலமா?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், "இந்த மாதத்துக்கு மாத்திரை இருக்கிறதா?" என்றும் கேளுங்கள்.