பொம்மையின் விலையும் தரமும்

யாழ்ப்பாணத்துச் சந்தையில் மட்பானை வாங்கும் இல்லத்தரசி, அதனை விரல் மடக்கித் தட்டிப் பாராமல் காசைக் கொடுப்பதில்லை. கணீரென்று ஒலித்தால் பானை நன்று. ஒலி அடைத்துக் கேட்டால் எங்கோ வெடிப்பு உண்டு. வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கலன்று நடைபெறும் பட்டத் திருவிழாவுக்குப் பட்டம் கட்டும் இளைஞனும் இத்தகைய சோதனைக்கு உட்பட்டவனே. மூங்கிற் சட்டத்தின் இருபுறமும் எடை ஒவ்வாவிடின், அன்றி முச்சை பிழைத்துவிடின், பட்டம் நிலைகொள்ளாது, குத்தி விழும். அங்கே வாடைக்காற்றே பரிசோதகன். பானையாயினும் பட்டமாயினும் குறை வெளிப்படுவதற்கு நீண்ட காலம் செல்வதில்லை.

இவ்விரண்டு சோதனைக்கும் அகப்படாத ஒரு பண்டம் இன்று கடல் கடந்து நம் வீடுகளுக்கு வருகின்றது. அதுவே ‘அக்‌ஷன் ஃபிகர்’ என வழங்கும் மூட்டசையும் வீர உருவப் பொம்மை. கனடாவிலோ இலண்டனிலோ வாழும் மாமன் ஒருவர், ஊரிலுள்ள மருமகனுக்கு அனுப்பும் இத்தகைய பொம்மையின் விலை சில வேளைகளில் 200 அல்லது 300 அமெரிக்க டொலரையும் கடந்துவிடுகின்றது. இத்துணை விலை கொடுத்தும் முகத்திலே கண் கோணலாகவும், முழங்கால் தளர்ந்தும், கை கழன்றும் பொம்மை வந்து சேர்வதுண்டு. விலை மிகுந்தால் தரமும் மிகும் என்று நம்பியவர்கள் திகைக்கின்றனர். இந்நம்பிக்கை எங்கே பிழைக்கின்றது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இப்பொம்மைகளின் வரலாறு 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்குகின்றது எனலாம். ஹாஸ்ப்ரோ நிறுவனம் அவ்வாண்டில் ‘ஜி.ஐ. ஜோ’ என்னும் போர்வீரன் உருவத்தை வெளியிட்டது. பன்னிரண்டு அங்குல உயரமும் 21 அசையும் உறுப்புகளும் உடையது அது. பொம்மை என்றால் பெண்பிள்ளைகளுக்கு உரியது எனப் பையன்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று அஞ்சியே, அதற்கு ‘அக்‌ஷன் ஃபிகர்’ என்னும் புதுப்பெயர் சூட்டினார்கள். அதன் வலக்கைப் பெருவிரலில் நகம் மேற்புறத்தில் இல்லாமல் உட்புறத்தில் அமைந்திருந்தது. பின்னர் போலிகளைக் கண்டறிவதற்கு இக்குறையே ஓர் அடையாளமாகவும் பயன்பட்டது.

இந்த நகம் நமக்கு ஓர் உண்மையைக் கற்பிக்கின்றது. தொழிற்சாலைப் பொருளில் குறைகள் இருவகைப்படும். ஒன்று அச்சின் குறை. மற்றொன்று கையின் குறை. உருக்கு அச்சிலே பிழை நேர்ந்துவிட்டால், அதிலிருந்து வார்க்கப்படும் ஒவ்வோர் உருவமும் அப்பிழையைச் சுமந்தே பிறக்கும். கையின் குறை அத்தகையதன்று. உறுப்புகளை வார்த்தெடுத்த பின்னர், மறைப்புத் தகடு வைத்துத் தீந்தை தெளிப்பதும், கண்மணியைப் பதிப்பதும், மூட்டுகளைப் பொருத்துவதும் பெரும்பாலும் தொழிலாளர் கையால் நடைபெறும் வேலைகள். பதிக்கும் இடம் ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் வீரனின் பார்வை மாறுகண்ணாகிவிடும். உருவம் எவ்வளவு நுணுக்கமாகின்றதோ, அவ்வளவுக்குப் பிழை நேரக்கூடிய இடங்களும் பெருகுகின்றன. ஆகவே விலையுயர்ந்த பொம்மையில் குறை அரிதாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

அவ்வாறாயின் தொழிற்சாலையில் பரிசோதனை இல்லையா என்று நேயர்கள் வினவக்கூடும். பரிசோதனை உண்டு. ஆனால் பெரும்பாலும் அது மாதிரி எடுத்துப் பார்க்கும் பரிசோதனையாகும். உலகெங்கும் கையாளப்படும் ஐ.எஸ்.ஓ. 2859 என்னும் நியமத்தின் ஒரு வழக்கமான விதியை எடுத்துக்கொள்வோம். 1,000 பொம்மைகள் கொண்ட ஒரு தொகுதியிலிருந்து 80 பொம்மைகளை எடுத்துப் பார்க்கின்றனர். 2.5 என்னும் தர எல்லையின்படி, அவற்றுள் குறையுடையன ஐந்துக்கு மேற்படாவிடின் தொகுதி முழுவதும் ஏற்றுக்கொள்ளப்படும். ஆயிரத்தில் 20 குறையுள்ளவை இருப்பதாகக் கொள்வோம். எடுத்த 80 பொம்மைகளில் ஒன்றோ இரண்டோதான் பெரும்பாலும் அகப்படும். தொகுதி தேறிவிடும், எஞ்சிய 18 பொம்மைகளும் பெட்டியில் ஏறிப் புறப்பட்டுவிடும். தொழிற்சாலைக்கு அது நூற்றில் இரண்டு. அதைப் பெறும் பிள்ளைக்கோ அவனுடைய ஒரே பொம்மை.

இனி வாங்கும் முறையைக் கவனிப்போம். இப்பொம்மைகளுட் பலவற்றுக்குச் செய்து முடிப்பதற்குப் பல மாதங்களின் முன்னரே பணம் கட்டவேண்டும். காட்டப்படும் படமோ தனிக் கவனத்துடன் வர்ணம் தீட்டிய முன்மாதிரியின் படம். பொருள் வந்த பின்னரும், முத்திரை உடையாத பெட்டிக்கே மதிப்பு மிகுதி என்பதால் சேகரிப்போர் சிலர் அதனைத் திறப்பதில்லை. இதனால் குறை பெட்டிக்குள்ளேயே உறங்குகின்றது. அது வெளிப்படும் வேளையில் மாற்றித் தரும் தவணை கடந்துவிடுகின்றது. உண்மையில் இங்கே கொடுக்கப்படும் விலையின் பெரும்பங்கு அருமைக்கான விலை. எண்ணிக்கை குறைவென்பதற்கான விலை. அருமை வேறு, தரம் வேறு. இவ்வேறுபாட்டை மறப்பதனாலேயே ஏமாற்றம் விளைகின்றது.

காலம் செய்யும் சோதனை இன்னும் கடுமையானது. வீரனின் மேலங்கிக்குப் பயன்படும் செயற்கைத் தோலின் மேற்பூச்சு பெரும்பாலும் பொலியூரித்தேன் என்னும் பொருள். வெப்பமும் ஈரலிப்பும் சேர்ந்தால் அது நீரால் சிதைந்து செதில் செதிலாக உரியும். மென்மையான பிளாஸ்டிக்கில் கலந்துள்ள இளக்கும் பொருள் நாளடைவில் வெளியே கசிந்து மேற்பரப்பைப் பிசுபிசுக்கச் செய்யும். 1980களின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் வெளிவந்த ‘டிரான்ஸ்ஃபோர்மர்ஸ்’ பொம்மைகள் சிலவற்றில், பொன்னிறத் துகள் கலந்த பிளாஸ்டிக் ஆண்டுகள் செல்லத் தானாகவே நொறுங்கியது. நாற்புறமும் கடற்காற்று வீசும் குடாநாட்டில், மாரிகால ஈரமும் கோடை வெப்பமும் மாறி மாறி வரும் வீடுகளில், இக்கேடுகள் விரைந்து நேர்வது இயல்பே.

தரக்குறைவு அழகை மட்டும் பாதிப்பதாயின் பொறுத்துக்கொள்ளலாம். அது பிள்ளையின் உடலையும் பாதிக்கக்கூடும். 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மற்றெல் நிறுவனம், ஈயம் கலந்த தீந்தை பூசிய பொம்மைகளையும், கழன்று விழக்கூடிய சிறு காந்தங்களைக் கொண்ட பொம்மைகளையும் பெருந்தொகையாகத் திரும்பப் பெற நேர்ந்தது. பேட்மேன் வீர உருவங்கள் சிலவும் காந்தத்தின் காரணமாக அவற்றுள் அடங்கின. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குவது. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று ஈர்த்துத் துளையிடவும் கூடும். 2008இல் அமெரிக்கா இதற்கெனக் கடுமையான சட்டம் இயற்றியது. இந்தியாவிலும் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தரமுத்திரை கட்டாயமாக்கப்பட்டது.

ஆகவே, விலையுயர்ந்த பொம்மையை வாங்குவோர் பானை வாங்கும் பெண்மணியின் வழக்கத்தை மீட்டுக்கொள்ளல் நன்று. பெட்டி வந்த அன்றே திறந்து, மூட்டுகளை மெல்ல அசைத்து, முகத்தையும் தீந்தையையும் பகல் வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். பற்றுச்சீட்டைப் பேணுதல் வேண்டும். இந்நாட்டு வணிகரிடம் வாங்கியதாயின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிட வழியுண்டு. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் உறவினரோ, அனுப்புவதற்கு முன்னரே பெட்டியைத் திறந்து பார்த்துவிடல் நலம். சேகரிப்பதற்கென்றே செய்த பொம்மையைச் சிறு குழந்தையின் கையில் கொடாதிருத்தல் அதனினும் நலம்.

பெட்டியைத் திறந்தால் அதன் மதிப்புக் குறையும் என்பது சந்தையின் கணக்கு. மாமன் அனுப்பிய வீரன் கையொடிந்து கிடப்பதைக் காணும் சிறுவனின் கணக்கு அதுவன்று.