`ஃபிட்ஸ் நின்னுடுச்சே... இனி மாத்திரை எதுக்கு?' இந்தக் கேள்வி உங்களுக்கும் இருக்கா?

ஆறு மாசமா வலிப்பு வரலை. உடம்பு நல்லா இருக்கு. மாத்திரை போட்டா தூக்கம் தூக்கமா வருது. `இனி எதுக்கு இது? மூளைக்குப் பயிற்சி கொடுத்தாலே போதும்னு ஒரு வீடியோல சொன்னாங்களே!' என்று உங்களுக்குத் தோணலாம். கொஞ்சம் பொறுங்க. வலிப்பு நின்றதே அந்த மாத்திரையால்தான்.

மூளையில் என்ன நடக்குது?

நம் மூளையின் நரம்பு செல்கள் மிகச்சிறிய மின் சமிக்ஞைகள் மூலம் பேசிக்கொள்கின்றன. ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் இயங்கினால், அதுதான் வலிப்பு. கை, கால் இழுப்பது மட்டுமல்ல. சில விநாடிகள் பேச்சு நின்று வெறித்துப் பார்ப்பதுகூட வலிப்பாக இருக்கலாம்.

மாத்திரை செய்யும் வேலை

ஃபெனிடோயின், கார்பமாஸெபின், வால்ப்ரோயேட், லெவெடிராசெட்டம் போன்ற மருந்துகள் இந்த மின் கொந்தளிப்பை அடக்கிவைக்கின்றன. சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவிகிதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனா, திடீர்னு நிறுத்தினா வலிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பலாம். விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொதுவாக, குறைந்தது 2 வருடங்கள் வலிப்பே வராமல் இருந்தால்தான் டாக்டர் நிறுத்துவது பற்றி யோசிப்பார். அப்போதும் படிப்படியாகத்தான் குறைப்பார். தூக்கம், எரிச்சல் மாதிரி பக்க விளைவுகள் இருக்கா? டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே பேசிவிடுவது அவசியம். வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கக்கூடியது.

அப்போ மூளைப் பயிற்சி?

`நியூரோஃபீட்பேக்' என்பது அதில் ஒன்று. தலையில் சென்சார் பொருத்தி, உங்கள் மூளை அலைகளைத் திரையில் காட்டுவார்கள். குறிப்பிட்ட அலை கூடினால் திரையில் பாயின்ட் ஏறும். அப்படியே மூளை பழகுகிறது. அமெரிக்க விஞ்ஞானி பேரி ஸ்டெர்மன் முதலில் பூனைகளுக்கு இதைப் பழக்கினார். 1970-களில் வலிப்பு உள்ளவர்களிடமும் முயன்றார். சிலருக்குப் பலன் தெரிந்தது. ஆனால், ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அதனால் இது மாத்திரைக்குத் துணைதான், மாற்று இல்லை.

வலிப்பு உள்ள பலருக்கு மறதியும் தொல்லை கொடுக்கும். ரிமைண்டர் வைப்பது, எழுதிவைப்பது, ஒரு வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது போன்ற நினைவாற்றல் பயிற்சிகள் அன்றாட வாழ்க்கையை எளிதாக்கும். மன அழுத்தத்தைக் குறைக்கும் மூச்சுப்பயிற்சியும் சிலருக்கு உதவும். இவற்றால் மருந்தைக் குறைக்கலாம் என்று மட்டும் நீங்களாக முடிவெடுக்காதீங்க.

சரியான 2 மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கலையா? சோர்ந்துபோக வேண்டாம். அறுவை சிகிச்சை, கீட்டோஜெனிக் உணவுமுறை என அடுத்தகட்ட வழிகள் இருக்கு. நரம்பியல் நிபுணரிடம் கேளுங்க.

பக்கத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால்...

* சாவி, இரும்பு எதையும் கையில் திணிக்காதீங்க. பயனில்லை.

* வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம்.

* தலைக்கு அடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்க.

* 5 நிமிடங்களைத் தாண்டினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

கடைசியா ஒண்ணு. வலிப்பைத் தூண்டும் முக்கியமான விஷயங்கள் இரண்டு: மாத்திரையைத் தவறவிடுவது, தூக்கம் கெடுவது. ரெண்டுக்கும் உங்க போன்லயே வழி இருக்கு. மாத்திரைக்கு ஓர் அலாரம் வைங்க. ராத்திரி ரீல்ஸை மூடிவைக்க இன்னோர் அலாரம் வைங்க!