கலவரக் கட்டுப்பாட்டில் துப்பாக்கிமுனைக் கத்தி: பயனும் வரம்பும்

முன்னுரை

கலைந்து செல்ல மறுக்கும் ஒரு கூட்டத்தின் முன் அரசு எவ்வளவு வலிமையைக் காட்டலாம், எந்தக் கருவியைக் கொண்டு காட்டலாம் என்பது சட்டம், அரசியல், சமூக உளவியல் ஆகிய மூன்று துறைகளும் சந்திக்கும் வினாவாகும். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவ்வினாவுக்கு அரசுகள் அளித்த விடைகளுள் ஒன்று, பயனெட் எனப்படும் துப்பாக்கிமுனைக் கத்தியாகும். போர்க்களத்திற்காக உருவான இக்கருவி நகரத் தெருக்களிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் குடிமக்களை நோக்கி நீட்டப்பட்டது. அது கூட்டத்தைக் கட்டுப்படுத்த உண்மையில் உதவியதா, உதவியது எனின் எந்தச் சூழலில் உதவியது என்பனவற்றை, 1957 முதல் 1970 வரை அமெரிக்காவில் நிகழ்ந்தவற்றை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. தேவைப்படும் இடங்களில் பிற ஆசிய நாடுகளின் அனுபவமும் ஒப்பிடப்படுகின்றது.

போர்க்களத்திலிருந்து தெருவுக்கு

பிரான்ஸின் பயோன் நகரப் பெயரோடு தொடர்புடையதாகக் கருதப்படும் இக்கருவி 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளில் பரவியது. அக்காலத் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டபின் மீண்டும் மருந்து நிரப்பிச் சுடக் கணிசமான நேரம் தேவைப்பட்டது. அந்த இடைவெளியில் பாய்ந்துவரும் குதிரைப் படையைத் தடுக்க, துப்பாக்கியையே ஈட்டியாக மாற்றும் கத்தி பயன்பட்டது. தொடர்ந்து சுடக்கூடிய துப்பாக்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் வந்தபின் போர்க்களத்தில் அதன் தேவை பெரிதும் குறைந்தது.

இருப்பினும் கலவரக் கட்டுப்பாட்டில் அதற்கு ஒரு புதிய பணி கிடைத்தது. உள்நாட்டு அமைதியைக் காக்க அழைக்கப்படும் படைவீரனின் கையில் இருப்பது துப்பாக்கி ஒன்றே. சும்மா நிற்பதற்கும் சுடுவதற்கும் இடையே ஒரு படி தேவை எனப் படைத்தலைவர்கள் கருதினர். கத்தியை உறையோடு பொருத்துதல், உறையை நீக்குதல், வரிசையாக முன்னேறுதல் என அமைந்த நிலைகள் அப்படியைத் தந்தன. அமெரிக்க இராணுவத்தின் உள்நாட்டுக் குழப்பம் பற்றிய கையேடுகளில் இத்தகைய படிநிலைகள் இடம்பெற்றிருந்தன.

இதனை ஆதரிப்போரின் வாதம் எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. துப்பாக்கிக் குண்டு குறி தவறினால் தொலைவில் நிற்கும் வழிப்போக்கனையும் கொல்லும். கத்தி அவ்வாறு செய்யாது. கண்ணீர்ப் புகை காற்றின் திசையை நம்பியிருக்கின்றது. கத்தி எதையும் நம்பியிருப்பதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, உருவிய கத்தியின் தோற்றமே மனித மனத்தில் அச்சத்தை விளைவிக்கின்றது. எனவே, குத்தாமலேயே கூட்டத்தைக் கலைக்கலாம் என்பது இவ்வாதத்தின் சாரம். இவ்வாதத்திற்குச் சிறந்த சான்றாக லிட்டில் ராக் நிகழ்வைக் கூறலாம்.

லிட்டில் ராக், 1957

அர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே பயின்றுவந்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர நீதிமன்றம் வழிசெய்திருந்தது. மாநில ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் தேசியக் காவற்படையைக் கொண்டே அவர்களைத் தடுத்தார். செப்டம்பர் 23ஆம் நாள் பள்ளியின் முன் திரண்ட கூட்டத்தின் ஆவேசத்தால் மாணவர்களைப் பாதுகாப்புக் கருதி வெளியேற்ற நேர்ந்தது. மறுநாள் அதிபர் ஐசனோவர் 101ஆம் வான்குடைப் படைப்பிரிவைச் சேர்ந்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பினார்.

செப்டம்பர் 25ஆம் நாள், முனைக்கத்தி பொருத்திய துப்பாக்கிகளுடன் வீரர்கள் கூட்டத்தைப் பள்ளிச் சுற்றுப்புறத்திலிருந்து விலக்கினர். துப்பாக்கியைப் பிடித்திழுக்க முயன்ற ஒருவர் அதன் அடிக்கட்டையால் தாக்கப்பட்டார். மற்றொருவருக்குக் கையில் கத்திக் காயம் ஏற்பட்டது. உயிரிழப்பு ஏதும் இல்லை. ஒன்பது மாணவர்களும் பள்ளிக்குள் நுழைந்தனர்.

இவ்வெற்றிக்குக் கத்தி மட்டுமே காரணமன்று என்பது கூர்ந்து நோக்கினால் புலப்படும். வந்தவர்கள் நன்கு பயிற்சி பெற்ற, கட்டுப்பாடுமிக்க வீரர்கள். காக்க வேண்டிய இடம் ஒரு பள்ளியும் அதனைச் சுற்றிய சில தெருக்களும் மட்டுமே. பின்வாங்குவோர் வீடு திரும்ப வழி திறந்திருந்தது. படையின் பின்னால் தெளிவான நீதிமன்ற ஆணை இருந்தது. பயிற்சி, குறுகிய களம், வெளியேறும் வழி, சட்டத்தின் தெளிவு ஆகிய இந்நான்கும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் கத்தியின் அச்சுறுத்தல் பயன் தந்தது எனலாம்.

அஞ்சாதோர் முன் கத்தி

அச்சுறுத்தல் என்பது இருவர் சேர்ந்து நிகழ்த்தும் செயலாகும். எதிரே நிற்பவர் அஞ்ச மறுத்தால் அது முற்றுப்பெறுவதில்லை. 1967 அக்டோபர் 21ஆம் நாள் வியட்நாம் போருக்கு எதிராகப் பெண்டகன் முன் நடந்த ஆர்ப்பாட்டத்தில், முனைக்கத்தி பொருத்திய துப்பாக்கிகளின் முன் ஓர் இளம்பெண் கையில் மலரோடு நிற்பதைப் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் மார்க் ரிபூ படமெடுத்தார். 1968 மார்ச் இறுதியில் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள், தாங்களும் மனிதர்களே என அறிவிக்கும் பதாகைகளை அணிந்து, நீட்டிய கத்திகளுக்கு அருகே ஒற்றை வரிசையில் அமைதியாக நடந்து சென்றனர்.

இவ்விரு நிகழ்விலும் கத்திக்கு வேலையில்லை. குத்துவதற்குக் காரணமில்லை, உறையிலிடுவதற்கு ஆணையுமில்லை. ஆனால் அப்படங்கள் உலகெங்கும் சென்றன. கருவி எவரை வலியவராகக் காட்ட வேண்டுமோ அவரையே அது சிறுமைப்படுத்தியது. ஊடகக் காலத்தில் கத்தியின் தோற்றம் இருமுனை கொண்டதாகிவிட்டது என்பதை இவை உணர்த்துகின்றன.

கென்ட், 1970

முனைக்கத்தியின் வரம்பினை மிகத் துயரமான முறையில் வெளிப்படுத்தியது ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக நிகழ்வாகும். அமெரிக்கப் படைகள் கம்போடியாவில் நுழைந்ததை எதிர்த்து அங்கு மாணவர் போராட்டம் வெடித்தது. மே 3ஆம் நாள் இரவு கூட்டத்தைக் கலைத்தபோது மாணவர் சிலர் கத்திக் காயமுற்றனர். அக்காயங்கள் மறுநாள் கூட்டம் கூடுவதைத் தடுக்கவில்லை.

மே 4ஆம் நாள் நண்பகல், ஏறத்தாழ நூறு தேசியக் காவற்படையினர் குண்டு நிரப்பிய எம்-1 துப்பாக்கிகளோடும் பொருத்திய கத்திகளோடும் திறந்த புல்வெளியைக் கடந்து முன்னேறினர். காற்று கண்ணீர்ப் புகையைக் கலைத்துவிட்டது. மாணவர்கள் இருபுறமும் விலகினர். ஆனால் வளாகத்தைவிட்டு நீங்கவில்லை. படையினரோ வேலியிட்ட பயிற்சித் திடல் ஒன்றை அடைந்து அங்கே ஏறக்குறைய பத்து நிமிடங்கள் நின்றனர். கற்கள் வீசப்பட்டன. பின்னர் மேட்டின்மீது திரும்பி ஏறியபோது படையினருள் 28 பேர் 13 விநாடிகளில் 60க்கும் மேற்பட்ட முறை சுட்டனர். மாணவர் நால்வர் இறந்தனர், ஒன்பதின்மர் காயமுற்றனர்.

இங்குத் தொலைவுகள் பேசுகின்றன. குண்டு பட்டவருள் மிக அருகில் இருந்தவரே ஏறத்தாழ 70 அடி தொலைவில் நின்றார். இறந்தவருள் மிக அருகில் நின்றவர் ஏறத்தாழ 265 அடிக்கு அப்பால் இருந்தார். கத்தியின் எட்டும் தொலைவோ சில அடிகளே. திறந்த வெளியில் கூட்டம் அத்தொலைவுக்குள் வர வேண்டிய கட்டாயமில்லை. எட்ட நின்றே கல்லெறியலாம், கேலி செய்யலாம். அந்நிலையில் வீரன் கையில் எஞ்சுவது துப்பாக்கியின் விசை மட்டுமே. நிற்பதற்கும் சுடுவதற்கும் இடையே ஒரு படியாகக் கருதப்பட்ட கத்தி, தேவையான நேரத்தில் படியாக இருக்கவில்லை. அதைத் தாங்கிய துப்பாக்கியே அடுத்த படியாக இருந்தது. இத்துயரை விசாரித்த அதிபர் ஆணையம், மாணவர்மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூடு தேவையற்றது என்றும், நியாயப்படுத்த இயலாதது என்றும் முடிவு செய்தது.

குத்தியபின் நிகழ்வது

அச்சுறுத்தல் பலிக்காதபோது கத்தியைப் பயன்படுத்தியேவிட்டால் என்ன விளையும்? கென்ட் நிகழ்வுக்கு நான்கு நாள்களுக்குப்பின், நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படையினரின் கத்திகளால் சுமார் பத்துப் பேர் காயமுற்றனர். அவர்களுள் செய்தி சேகரிக்க வந்தவரும் உண்டு. முன்னேறும் கத்தி வரிசை, கல்லெறிந்தவரையும் வேடிக்கை பார்த்தவரையும் வேறுபடுத்தி அறிவதில்லை. ஓடமுடியாதவரையே அது முதலில் எட்டுகின்றது.

1980 மே மாதம் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் வான்குடைப் படையினர் தடிகளாலும் முனைக்கத்திகளாலும் மாணவர்களைத் தாக்கினர். கூட்டம் கலையவில்லை, மாறாக, பொதுமக்களும் வாடகைக்கார் ஓட்டுநர்களும் தெருவிலிறங்கினர். மே 21ஆம் நாள் படை நகரைவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. மே 27ஆம் நாள் பெரும் படைபலத்தோடுதான் நகரை மீண்டும் கைப்பற்றியது.

இதற்கான விளக்கத்தைச் சமூக உளவியல் தருகின்றது. 1895இல் குஸ்தாவ் லெ பான், கூட்டத்தைப் பகுத்தறிவு இழந்த ஒற்றை உயிரியாகக் கண்டார். அப்பார்வையில் அச்சமே தக்க மருந்து. 1980இன் பிரிஸ்டல் கலவரத்தை ஆராய்ந்த ஸ்டீஃபன் ரெய்ச்சரும், பின்னர் அவருடன் இணைந்து ஆராய்ந்த கிளிஃபர்ட் ஸ்டாட் முதலியோரும் வேறொரு முடிவுக்கு வந்தனர். கூட்டம் என்பது பல குழுக்களின் தொகுதி. பாகுபாடற்ற தாக்குதலே அக்குழுக்களைத் ‘தாக்கப்பட்டோர்’ என்னும் ஒரே அடையாளத்தின்கீழ் இணைக்கின்றது. இக்கோட்பாட்டின்படி நோக்கினால், கத்தி வரிசை தான் கலைக்க வந்த கூட்டத்தைத் தானே உருவாக்கும் இயல்புடையது.

மாற்று வழிகள்

இக்கருவி கைவிடப்பட்டதற்குக் கருணை மட்டுமே காரணமன்று. அதைவிடப் பயனுள்ள ஏற்பாடுகள் உருவானமையும் காரணமாகும். கேடயம் ஏந்திய காவலர் கல்லைத் தாங்கி நிற்க முடியும்; ஆகவே அஞ்சிச் சுட வேண்டிய நிலை குறைகின்றது. 1990இல் ஐக்கிய நாட்டு மாநாடு ஏற்றுக்கொண்ட, சட்ட அமலாக்க அதிகாரிகளின் வலிமைப் பயன்பாடு பற்றிய அடிப்படை நெறிகள் இதனையே வலியுறுத்துகின்றன. கேடயம், தலைக்கவசம் போன்ற தற்காப்புக் கருவிகள் ஆயுதப் பயன்பாட்டின் தேவையைக் குறைக்கும் என்பது அந்நெறிகளின் கருத்து.

இந்தியாவின் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், கூட்டத்தைக் கலைக்க அழைக்கப்படும் படை இயன்ற அளவு குறைந்த வலிமையையே பயன்படுத்த வேண்டுமென அதன் 130ஆம் பிரிவில் விதித்தது. 2024 ஜூலை முதல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. 1919இல் ஜாலியன்வாலா பாக்கில், வெளியேறும் வழி அரிதான திடலில் சிக்கிய மக்கள்மீது 1,650 முறை சுடப்பட்ட வரலாற்றை அறிந்தவர்க்கு இத்தகைய விதியின் பொருள் விளங்கும்.

நம் வட்டாரத்திலும் இப்படிப்பினை காணக்கிடக்கின்றது. 1950 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த மரியா ஹெர்தோக் கலவரத்தில் 18 பேர் இறந்தனர். 173 பேர் காயமுற்றனர். காவல்துறையால் நிலைமையைக் கட்டுப்படுத்த இயலாமல் இராணுவம் அழைக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி சர் லயனல் லீச் தலைமையிலான குழு இதனை விசாரித்தது. 1952இல் கலவரங்களுக்கெனவே பயிற்சி பெற்ற காவற்பிரிவு சிங்கப்பூரில் அமைக்கப்பட்டது. 1955இல் மலாயாவில் எஃப்.ஆர்.யூ. எனப்படும் கலகத் தடுப்புப் போலீஸ் படை உருவானது. சாதாரணக் காவலருக்கும் படைவீரனுக்கும் இடையே இருந்த வெற்றிடத்தைக் கருவியால் அல்லாமல், பயிற்சி பெற்ற மனிதர்களால் நிரப்பும் முயற்சி இது எனலாம்.

முடிவுரை

அமெரிக்க இராணுவம் 2010இல் தன் அடிப்படைப் பயிற்சியிலிருந்து முனைக்கத்திப் பயிற்சியை நீக்கியது. எனினும் இக்கருவி முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணத்தையடுத்து எழுந்த போராட்டங்களின்போது, வாஷிங்டன் பகுதிக்கு அனுப்பப்பட்ட வீரர் சிலருக்கு முனைக்கத்திகள் வழங்கப்பட்டிருந்ததைக் கூட்டுப் படைத் தலைவர் மார்க் மில்லி எழுத்துமூலம் உறுதிப்படுத்தினார். அவை உறையிலேயே இருக்க வேண்டுமென அறிவுறுத்தப்பட்டதாகவும் அவர் தெரிவித்தார். பயன்படுத்தக்கூடாத ஒன்றை ஏன் வழங்க வேண்டும் என்னும் வினா இங்கு எழுகின்றது.

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பெறப்படுவது இதுவே. முனைக்கத்தி கூட்டத்தைக் கட்டுப்படுத்தியதுண்டு. ஆயின் கட்டுப்பாடுமிக்க வீரர், குறுகிய களம், திறந்த வழி, தெளிந்த சட்டம் ஆகியன அமைந்த அரிய இடத்தில் மட்டுமே. அந்நான்கும் அமைந்த இடத்தில் கேடயமும் தடியும் தாங்கிய காவலர் வரிசையும் அதே பணியைச் செய்திருக்கும். அவை அமையாத இடத்திலோ கத்தி ஆபத்தைக் கூட்டியது. ஆகவே ‘முனைக்கத்தி பயனுள்ளதா?’ என வினவுவதைவிட, ‘சொந்தக் குடிமக்களின் முன் அதை நீட்ட வேண்டிய நிலை ஏன் வந்தது?’ என வினவுவதே இன்றைய ஆய்வாளர்க்கும் ஆட்சியாளர்க்கும் பொருத்தமானதாகும்.