அடியிலிருந்து எழும் வெள்ளம்

வெள்ளம் என்றவுடன் கரையுடைத்துப் பாயும் ஆறே நம் நினைவிற்கு வருகின்றது. ஆயின், மண்ணுக்கடியிலிருந்து ஓசையின்றி எழும் வெள்ளமும் உண்டு. நிலத்தடி நீர்மட்டம் சிறுகச் சிறுக உயர்ந்து தரையை எட்டுவதே அது. ஆற்று வெள்ளம் பெரும்பாலும் சில நாட்களில் வடிந்துவிடும்; இதுவோ மாதக்கணக்கில் நிற்கும்.

ராஜஸ்தானின் ஹனுமான்கட் ஜில்லா இதற்குத் தக்க சான்றாகும். குடிநீருக்கே அலைந்த அப்பாலைப் பகுதிக்கு 1961-ஆம் ஆண்டு முதல், இன்று இந்திரா காந்தி கால்வாய் எனப்படும் ராஜஸ்தான் கால்வாயின் நீர் வரலாயிற்று. வயல்கள் செழித்தன. ஆனால், கால்வாயிலிருந்தும் வயல்களிலிருந்தும் கசிந்த நீர், மணலுக்கடியில் இறுகிய அடுக்குகள் உள்ள இடங்களில் ஆழத்தே இறங்க இயலாது தங்கியது. கக்கர் ஆற்றின் வெள்ளநீரும் பள்ளங்களில் தேக்கப்பட்டது. நாளடைவில் பரோபால் போன்ற கிராமங்களில் தாழ்நிலங்கள் ஏரிகளாயின, சுவர்கள் பிளந்தன, குடும்பங்கள் வீட்டைத் துறக்க நேர்ந்தது.

முன்னறிகுறிகள்

இவ்வெள்ளத்தை முன்கூட்டியே காட்டும் கருவி கிணறேயாகும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கின்றது. பள்ளி மாணவர்களும், எடை கட்டிய கயிற்றினால், கிணற்று விளிம்பில் இட்ட ஒரே குறியிலிருந்து மாதந்தோறும் அளந்து எழுதி வரலாம். சென்ற ஆண்டின் அதே மாதத்து அளவோடு ஒப்பிடுதல் வேண்டும். நீர்மட்டம் தரையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்துவிட்டால் அந்நிலம் நீர்தேங்கிய நிலமெனக் கொள்ளப்படும். சுவரடியில் வெண்ணிற உப்புப் பூப்பதும் ஓர் எச்சரிக்கையே.

வீட்டைக் காத்தல்

திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் செங்கல்லும் மண்சுவரும் ஈரத்தை மேலே இழுக்கின்றன. நீர் ஆவியானபின் எஞ்சும் உப்பு சுவரை அரிக்கின்றது. ஆகையால், புதிதாகக் கட்டுவோர் வீட்டுத் தளத்தைச் சுற்றுத் தரையினும் 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல் உயர்த்தி, சுவரெழுப்புமுன் நீர் ஊடுருவாத கான்கிரீட் அடுக்கும் அதன்மேல் தார்ப்பூச்சும் இடுதல் நலம்.

பழைய வீடுகளிலும் செய்யத்தக்கன பல. தானியத்தை நிலத்தடிக் குழிகளில் வையாது மேடைமீது வைத்தல் வேண்டும். மின்இணைப்புகளைச் சுவரில் உயர்த்தி அமைத்தல் வேண்டும். கழிப்பறைக் குழியின் அடிப்பாகம் நீர்மட்டத்தைத் தொட்டால், மலக்கழிவு நேரே குடிநீர்க் கிணற்றை அடையும். அங்கே கழிப்பறையை மேடாக அமைப்பதே முறை. கிணற்று நீரில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலந்து, ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்துக. நீர் கலங்கியிருப்பின் சுகாதார ஊழியரைக் கேட்டு அளவைக் கூட்டுக.

வீட்டினுள் ஊறிய நீரை அவசரப்பட்டு இறைத்தல் தவறு. வெளியே நீர்மட்டம் உயர்ந்திருக்கையில் உள்ளே வெறுமையாக்கினால், அடியிலுள்ள நீரின் அழுத்தம் தரையைப் பெயர்த்துவிடும். வெளிமட்டம் தாழத் தாழ, சிறிது சிறிதாகவே இறைத்தல் வேண்டும்.

கால்வாய்க்குக் காரைபூசுதல், வடிகால் வெட்டுதல், அளவறிந்து பாய்ச்சுதல் ஆகியவையே நிலையான பரிகாரம். அவை நிறைவேறும் வரை, பள்ளியின் கிணற்றுக் குறிப்பேடே கிராமத்தாருக்குக் காலத்தில் எச்சரிக்கை தரவல்லது. அதனை இம்மாதமே தொடங்குதல் நன்று.