பூனையின் சர்க்கரையும் ஒரு துளி இரத்தமும்

ஸ்ரீவைகுண்டத்தில் என் அக்கா வீட்டில் செவலை என்றொரு பூனை இருக்கிறது. பத்து வயது ஆண் பூனை, நல்ல கனம். சென்ற ஆண்டு அது ஓயாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. வயிறாரத் தின்றும் மெலிந்தது. பின்னங்கால்களின் குதிப் பகுதியைத் தரையில் பதித்துத் தளர்ந்து நடந்தது. கொல்லையில் அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்ட அக்கா, "இதுக்குமா சர்க்கரை வியாதி?" என்று கேட்டார். அத்தானுக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. அதனால்தான் அந்தச் சந்தேகம் அவருக்கு உடனே எழுந்தது.

சந்தேகம் சரியே. மனிதரைப் போலவே பூனைக்கும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. உணவிலிருந்து வரும் குளுக்கோஸ் உயிரணுக்களுக்குள் நுழைய இன்சுலின் வேண்டும். அது குறைந்தாலும், உடல் அதற்குச் சரிவர இணங்காவிட்டாலும், குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்குகிறது. பூனையின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. சர்க்கரை சிறுநீரில் இறங்குகிறது. தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. தாகத்திற்கும் எறும்புக்கும் காரணம் இதுவே. மனிதருக்கு இந்த எல்லை 180 அளவில் இருக்கிறது.

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம். பசுவின் இன்சுலினுக்கும் பூனையின் இன்சுலினுக்கும் இவற்றில் ஒன்றே ஒன்றுதான் வேறுபாடு. மனித இன்சுலினோடு ஒப்பிட்டால் நான்கு. ஆயினும் மனிதருக்காகச் செய்யும் இன்சுலின் பூனையின் உடலிலும் வேலை செய்கிறது. செவலைக்குக் கால்நடை மருத்துவர் எழுதித் தந்தது அத்தகைய நீண்ட நேரம் செயல்படும் இன்சுலின். பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை இரண்டு யூனிட். தோலை இலேசாகத் தூக்கிப் பிடித்து அதன் அடியில் செலுத்த வேண்டும். பால்சோறு நிறுத்தப்பட்டது. பூனை ஊனுண்ணி, மாவுச்சத்து அதற்குத் தேவையற்றது. சாளை மீன் தொடர்ந்ததில் செவலைக்கு வருத்தமில்லை!

சர்க்கரையை ஏன் வீட்டிலேயே சோதிக்க வேண்டும்? பூனை மருத்துவமனைக்குப் போனால் மிரளும். அந்த மிரட்சியில் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை வெகுவாக உயர்த்திவிடும். அங்கே கிடைக்கும் எண் நோயைக் காட்டுகிறதா, பயத்தைக் காட்டுகிறதா என்று சொல்வது கடினம். தன் வீட்டுத் திண்ணையில், பழகிய மடியில் கிடைக்கும் எண்ணே நம்பத்தக்கது.

பூனையின் காது மடலின் ஓரமாக ஒரு மெல்லிய சிரை ஓடுகிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சற்று நேரம் காதில் ஒற்றினால் இரத்தக் குழாய்கள் விரியும். பின்புறம் பஞ்சை வைத்துக்கொண்டு நுண்ணிய ஊசியால் ஒரு குத்து. கடுகளவு துளி வந்தால் போதும். சோதனைப் பட்டையின் நுனியை அத்துளியில் தொடுங்கள். இரத்தம் தானே உள்ளே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதுவும் ஒன்றே. இதுதான் நீங்கள் படித்த நுண்புழை ஏற்றம்.

பட்டைக்குள் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அங்கே ஒரு நொதி பூசப்பட்டிருக்கிறது. அது குளுக்கோஸை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது எலக்ட்ரான்கள் கிடைக்கின்றன. ஓர் இடைநிலை வேதிப்பொருள் அவற்றை வாங்கி மின்வாயிடம் சேர்க்கிறது. மிகச் சிறிய மின்னோட்டம், மைக்ரோஆம்பியர் அளவில் பாய்கிறது. குளுக்கோஸ் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். ஆக, சர்க்கரைமானி என்பது உண்மையில் ஓர் அம்மீட்டரே! நொதியையும் மின்வாயையும் இணைக்கும் இந்தக் கருத்தை 1962ஆம் ஆண்டு லேலண்ட் கிளார்க் என்னும் அமெரிக்கர் வெளியிட்டார். நொதிக்கு ஈரக்காற்று ஆகாது. ஆகவே பட்டைக் குப்பியை உடனுக்குடன் மூடவேண்டும். நம் தாமிரபரணிக் கரையில் மழைக்காலத்தில் இதை மறக்கவே கூடாது.

ஒரு நுட்பம். மனித இரத்தத்தில் குளுக்கோஸின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பூனையிடம் பெரும்பகுதி பிளாஸ்மாவிலேயே இருக்கிறது. மனிதருக்காக அளவு திருத்திய மானி, பூனையிடம் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும். மருத்துவரிடம் எண்ணைச் சொல்லும்போது எந்த மானியால் எடுத்தது என்பதையும் சொல்லவேண்டும்.

இனி நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். ஒரு நாள் அக்காவும் அத்தானும் வெளியூர் போயிருந்தார்கள். செவலைக்குக் காலை ஊசி போடும் பொறுப்பு என்னுடையது. பெட்டியிலிருந்த ஊசிக்குழலை எடுத்து '2' என்ற கோடு வரை இழுத்துச் செலுத்தினேன். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் செவலை தள்ளாடுகிறது, கூப்பிட்டாலும் திரும்பவில்லை. மானியில் 44! தேனை ஈறில் தடவினேன். கொஞ்சம் தெளிந்ததும் மீனை ஊட்டிவிட்டுக் கூடையில் வைத்து, திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினேன். தேன் உடனடியாகக் காக்கும்; ஆனால் மிகையான இன்சுலின் மேலும் பல மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். எனவே மருத்துவர் கண்காணிப்பு இன்றியமையாதது.

நடந்தது என்ன? நம் நாட்டில் இன்சுலின் இரு செறிவுகளில் விற்கிறது. யு-40 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். யு-100 என்றால் 100 யூனிட். ஒவ்வொன்றுக்கும் தனி ஊசிக்குழல்: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. செவலையின் மருந்து யு-100. நான் எடுத்ததோ அத்தானுடைய சிவப்பு மூடி. அதில் '2' என்ற கோடு 2 ÷ 40, அதாவது 0.05 மில்லிலிட்டர். யு-100 மருந்தில் அந்தக் கொள்ளளவுக்கு 5 யூனிட்! இரண்டுக்குப் பதில் ஐந்து. குழலின் மேல் இருக்கும் கோடு கொள்ளளவைத்தான் அளக்கிறது. யூனிட் என்பது செறிவைப் பொறுத்தது. ஆண்டுதோறும் அலகுகளைப் பற்றி வகுப்பில் முழங்குபவன் நான். மாணவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் சிரித்ததில் நியாயம் இருந்தது.

தவறு எதிர்த்திசையிலும் நேரலாம். யு-40 மருந்தை ஆரஞ்சு மூடிக் குழலில் '2' வரை இழுத்தால் 0.02 மில்லிலிட்டர், அதாவது 0.8 யூனிட்தான் போகும். அப்போது பூனை தள்ளாடாது. சர்க்கரை மட்டும் நாளுக்கு நாள் ஏறும். ஊசி போட்டோமா இல்லையா என்ற ஐயம் வந்தால் மறுபடி போடக்கூடாது. ஒரு வேளை தவறுவதைவிட இரட்டிப்பாவதே ஆபத்து. பூனை உண்ண மறுத்தாலும் ஊசிக்கு முன் மருத்துவரைக் கேட்கவேண்டும்.

செவலை மறுநாள் வீடு திரும்பியது. அதன்பின் மருத்துவர் சொற்படி, ஒரு நாள் முழுவதும் இரண்டு மணிக்கு ஒரு முறை சோதித்து வரைபடத்தாளில் புள்ளி வைத்தோம். காலை 310, படிப்படியாக இறங்கி, ஆறாம் மணி நேரத்தில் 120, பிறகு மெல்ல ஏற்றம். வளைவு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைப் பார்த்தே மருத்துவர் மருந்தின் அளவை முடிவு செய்கிறார். சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே வேண்டாத நிலையும் வருவதுண்டு. செவலை அந்நிலையை எட்டவில்லை. ஆனால் வேளைக்கு ஒரு யூனிட்டாகக் குறைந்துவிட்டது. சிவப்பு மூடிகள் இப்போது அத்தானின் மேசை அறையில். ஆரஞ்சு மூடிகள் அடுக்களையில், செவலையின் படம் ஒட்டிய டப்பாவில் இருக்கின்றன.