இணையத்தில் காணாமல் போன ‘பதி’



என் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். சென்ற மாதம் முதல் தேதி வீடியோ காலில், “அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பதிமூணாந் தேதிப்பா” என்றேன். ‘பதி’ மட்டும் அவருக்கு விழவில்லை. மூணாந் தேதி முழுக்கச் சரியாகச் சாப்பிடாமல் தவித்துவிட்டு, ராத்திரி “ஆபரேஷன் முடிஞ்சுதா?” என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. உடனே டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். மெதுவாகப் போனாலும் ஒரு எழுத்துகூட விடாமல் போய்ச் சேர்ந்தது.

ஒரே செல்போன், ஒரே சிக்னல். போட்டோ முழுசாப் போகுது, பேச்சு மட்டும் ஏன் உடையுது? அறிவியல் ஆசிரியரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பொட்டலம் பொட்டலமாக...

இணையத்தில் எதுவும் மொத்தமாகப் போகாது. சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகும். இதற்கு பாக்கெட் என்று பெயர். ஒரு பாக்கெட் பெரும்பாலும் 1500 பைட்டைத் தாண்டாது. 30 லட்சம் பைட் உள்ள போட்டோ என்றால் 2000 பாக்கெட்டுக்கு மேல் ஆகும்! ஒவ்வொன்றிலும் அனுப்பும் முகவரி, சேரும் முகவரி எண்களாக இருக்கும். அதுதான் ஐ.பி. முகவரி. வழியில் உள்ள ரூட்டர் கருவிகள் அதைப் பார்த்து அடுத்த ரூட்டருக்குத் தள்ளிவிடும். நெரிசல் அதிகமானால் சில பாக்கெட்டுகளைக் கைவிட்டுவிடும்.

கேட்டு வாங்கும் டி.சி.பி.

டி.சி.பி. என்ற நெறிமுறை எல்லாவற்றுக்கும் வரிசை எண் போடும். வந்து சேர்ந்ததற்குப் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். டிக்டேஷனில் ஒரு சொல் விட்டுப்போனால் “சார், இன்னொரு தடவை” என்று கேட்கிறோமே, அதுபோல. போட்டோ, மெசேஜ், விண்ணப்பம் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் போகும். நேரம் ஆகும், ஆனால் முழுசா வரும்.

நிற்காமல் ஓடும் யு.டி.பி.

மைக்கில் கபடி வர்ணனை சொல்பவர் நமக்காக நிறுத்துவாரா? விட்டது விட்டதுதான். யு.டி.பி.யும் அப்படியே. பேச்சு பெரும்பாலும் நொடிக்கு 50 பாக்கெட்டாகப் போகும். தொலைந்ததற்காகக் காத்திருந்தால் பேச்சே தேங்கிவிடும். அதனால்தான் ‘பதி’ திரும்பி வரவில்லை.

உங்களுக்குத் தெரியுமா?

வின்ட் செர்ஃப், பாப் கான் என்ற அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்ட திட்டத்தில் எல்லாம் ஒரே நெறிமுறையாக இருந்தது. பேச்சுக்குக் காத்திருக்கும் முறை சரிப்படாது என்பதும் ஒரு காரணமாக, 1978-ல் டி.சி.பி., ஐ.பி. என்று பிரித்தார்கள். 1980-ல் யு.டி.பி. வந்தது.

ஆகவே தோழர்களே, தேதி, பணம், கணக்கு எண் இவற்றைப் போனில் சொன்னால் மட்டும் போதாது. எழுதியும் அனுப்புங்கள்.

13-ஆம் தேதி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் அம்மா அப்பாவிடம் பேசினாங்க. அன்றைக்கும் குரல் உடைந்தது. “என்ன சொன்ன? மறுபடி சொல்லு” என்று அப்பா கேட்டுக் கேட்டுப் பேசினார்.