ஔஷதமும் உபத்திரவமும்

நோயும் நாமும் – 7

சென்ற வாரம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் தரப்படும் மருந்துகளை, நோய் அடங்கிய பின்னும் ஏன் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்தோம். பத்து நாள் ஜுரத்துக்கு உண்ணும் மருந்தின் தொல்லையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடலாம். ஆனால் ஆயுள் உள்ளளவும் காலைக் காப்பியோடும் இரவுச் சாப்பாட்டோடும் கூடவே வரப்போகிற மருந்தின் குணங்களை மட்டுமின்றி, அதன் கோணல்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளாமல் காலம் தள்ள முடியாது. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்றும், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 31 கோடிக்கு மேல் என்றும் மதிப்பிட்டிருக்கிறது. ஆகையால் இது யாரோ சிலருடைய அந்தரங்கக் கஷ்டமன்று, ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களின் சமாசாரம்.

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றும்போது நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘மருந்தென்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று வாய் திறவாமல் சகித்துக்கொள்வது ஒன்று. வைத்தியரிடமும் வீட்டாரிடமும் சொல்லாமல் மாத்திரையை மேசை இழுப்பறையிலேயே விட்டுவிடுவது மற்றொன்று. பார்வைக்கு எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டுக்கும் மூலமான எண்ணம் ஒன்றே: மருந்து செய்யும் நன்மை வேறு, அது செய்யும் உபத்திரவம் வேறு, பின்னது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பீடை, அதற்கு யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை என்பது. உண்மை அப்படியில்லை. பெரும்பாலான உபத்திரவங்கள், மருந்தின் அதே குணம் நாம் வேண்டாத இடத்தில் தலைகாட்டுவதால் விளைபவை. எந்தக் குணம் என்று தெரிந்துவிட்டால், அது எங்கே தலைகாட்டும் என்பதை முன்கூட்டி ஊகிக்கலாம், வந்தபின் அடையாளம் காணலாம், மாற்று வழியும் தேடலாம்.

இதற்குச் சரித்திரத்திலேயே ஓர் அத்தாட்சி உண்டு. 1942-ஆம் ஆண்டு, யுத்த காலத்தில், தென் பிரான்சிலுள்ள மோன்பெலியே நகரத்தில் மார்செல் ழான்போன் என்ற மருத்துவர், டைபாய்டு கண்டவர்களுக்குச் சல்பா இனத்தைச் சேர்ந்த ஒரு புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, சிலருக்கு இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கியதைக் கண்டார். அதே நகரத்தின் ஆராய்ச்சியாளர் ஒகுஸ்த் லுபாத்தியேர் இதை ஆராய்ந்து, அம்மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்று நிரூபித்தார். இன்று நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரைகள் அந்த வம்சத்தில் வந்தவையே. டைபாய்டு வைத்தியத்தில் உபத்திரவமாக இருந்த குணம், நீரிழிவு வைத்தியத்தில் உபகாரமாயிற்று. மருந்து மாறவில்லை, நாம் அதனிடம் எதிர்பார்த்ததுதான் மாறியது.

இரத்த அழுத்த மருந்துகளில் இதற்கு மிகவும் ரசமான உதாரணம், பிரேசில் தேசத்து ஜரராக்கா என்னும் விரியன் பாம்பிலிருந்து தொடங்குகிறது. அப்பாம்பின் விஷம், இரத்தக் குழாய்களை விரியச் செய்யும் பிராடிகைனின் என்ற பொருளின் வேகத்தை அதிகப்படுத்துகிறது என்று செர்ஜியோ ஃபெரேரா 1960-களில் கண்டறிந்தார். அந்த அறிவை ஆதாரமாகக் கொண்டு அமெரிக்க இரசாயனிகள் உருவாக்கிய கேப்டோபிரில் 1981-இல் அங்கே அநுமதி பெற்றது. எனலாப்ரில், ராமிப்ரில் முதலியவை அதன் இளைய சகோதரர்கள். இம்மருந்துகள் தடுக்கும் என்சைம், இரத்தக் குழாயை இறுக்கும் பொருளை உண்டாக்குவதோடு, பிராடிகைனினை அழிக்கும் வேலையையும் செய்வது; ஆகவே அதைத் தடுத்தவுடன் அழுத்தம் இறங்குகிறது, அழியாமல் மிஞ்சிய பிராடிகைனின் சிலருடைய சுவாசப் பாதையைக் கிளறி, சளியில்லாத வறட்டு இருமலை உண்டாக்குகிறது.

இந்த இருமலை மருந்தோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனெனில் அது மாத்திரை தொடங்கிச் சில வாரங்களோ மாதங்களோ கழித்தும் வரலாம். இரவு படுத்ததும் தொண்டையில் ஏதோ அரிப்பதுபோல் ஆரம்பித்து, எழுந்து உட்கார்ந்து வெந்நீர் குடிக்க வைத்து, பக்கத்தில் படுத்திருப்பவரின் உறக்கத்தையும் கெடுக்கும். இருமல் டானிக்கு, மார்புப் படம், சளிப் பரிசோதனை எல்லாம் ஆன பிறகு, “பிரஷர் மாத்திரையை எப்போது மாற்றினார்கள், அம்மா?” என்று ஒரு வைத்தியர் கேட்க, “அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?” என்று அந்த அம்மாள் வியப்படைவது நம் வைத்தியசாலைகளில் அன்றாடக் காட்சி. இடையில், தொண்டைக்கு இதம் என்று அதிமதுரத்தைத் தினமும் வாயில் அடக்கிக்கொள்பவர்கள் உண்டு. அது அளவு மீறினால் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கக் கூடியது என்பதால், எந்த நோய்க்கு மாத்திரையோ அந்த நோயையே வளர்த்தவர்களாகிறோம். பரிகாரமோ சுலபம்: லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற வேறு இனத்து மருந்துக்கு வைத்தியர் மாற்றிவிடுவார், சில வாரங்களில் இருமல் அடங்கிவிடும். ஆனால் உதடோ நாக்கோ முகமோ திடீரென்று வீங்கினால், அது அபூர்வமாயினும் உயிருக்கே ஆபத்தானது. அடுத்த மாத்திரையை உண்ணாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க எண்ணுபவர்களும் இவ்விரண்டு இனங்களையும் உண்பதாயிருந்தால், தாமதமின்றி வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்வது அவசியம்.

அடுத்தபடியாக, நம் நாட்டில் மிகுதியாக வழங்கும் அம்லோடிபின். காலையில் சரியாயிருந்த செருப்பு மாலையில் இறுகுவதும், கழற்றியபின் வாரின் தடம் புறங்காலில் பள்ளமாக நிற்பதும், கணுக்கால் எலும்பு தெரியாமல் உப்பியிருப்பதும் இதனால் நேரலாம். மடையை அகலத் திறந்துவிட்டு வடிகாலை விசாலிக்காமல் விட்ட வயலில் நீர் தேங்குவதுபோல, இம்மருந்து இரத்தம் பாயும் சிறு தமனிகளை விரிக்கிறதே தவிர, திரும்பும் சிரைகளை அவ்வளவாக விரிப்பதில்லை என்பதால், நீர் கசிந்து காலில் தங்குகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டதால் வந்த வீக்கமன்று இது. ஆகவே நீர் பிரியும் மாத்திரை இதற்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. ஆயினும் நடப்பது என்ன? வீக்கத்துக்கென்று நீர் மாத்திரை சேர்கிறது. அது யூரிக் அமிலத்தை ஏற்றிக் கால் பெருவிரலில் வலியை உண்டாக்குகிறது. அவ்வலிக்குக் கடையில் வாங்கிய வலிநிவாரணி, அழுத்தத்தை மறுபடி ஏற்றுவதோடு, நீர் மாத்திரையோடும், டெல்மிசார்டன் உண்பவராயின் அதனோடும் சேர்ந்து சிறுநீரகத்துக்கும் கேடு செய்கிறது. ஏறிய அழுத்தத்தைப் பார்த்து இன்னொரு மாத்திரை எழுதப்படுகிறது. முதல் மாத்திரையின் அளவைக் குறைத்தோ, மாற்றியோ, டெல்மிசார்டன் போன்ற துணையோடு சேர்த்தோ தொடக்கத்திலேயே முடித்திருக்கக்கூடிய காரியம் இது. இருதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கிறதா என்று வைத்தியர் பார்த்துவிட்டபின் கேட்க வேண்டிய கேள்வி, “இது நான் உண்ணும் மருந்தால் வந்ததா?” என்பதுதான்.

நீரிழிவு மருந்துகளுள் மிகவும் அஞ்சத்தக்க உபத்திரவம், மோன்பெலியேயில் கண்ட அதே தாழ்சர்க்கரை. கிளிமிபிரைடு போன்றவை, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. ஆதலால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பூஜை முடியட்டும், விருந்தாளி வரட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும், ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் வைத்தியரைக் கேளாமல் பட்டினி கிடப்பதும் விபரீதத்தில் முடியும். வியர்வை, கைந்நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, காரணமற்ற சிடுசிடுப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை அறிகுறிகள். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், 15 கிராம் அளவு, அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி, குளுக்கோஸோ சர்க்கரையோ நீரில் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்து மறுபடி பார்த்து, பிறகு ஆகாரம் உண்ண வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் புகட்டலாகாது.

இதில் இரண்டு நுட்பங்கள் பலருக்குத் தெரியாதவை. புரோபிரனலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்து உண்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துவிடக் கூடும், வியர்வை ஒன்றே எஞ்சும் எச்சரிக்கை. இன்னொன்று, வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்த்து உண்பவர்களைப் பற்றியது: அவை மாவும் சர்க்கரையும் குடலில் உடைவதைத் தாமதப்படுத்துபவை, வயிற்று உப்புசமும் வாயுத் தொல்லையும் அதனால் வருபவைதாம். அத்தகையவருக்குச் சர்க்கரை தாழ்ந்த வேளையில் சீனியும் வெல்லமும் விரைந்து பயன்படா. உடைய வேண்டிய அவசியமில்லாத குளுக்கோஸ் மாவே வேண்டும். அதை ஒரு பொட்டலம் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்திருப்பது நலம்.

மெட்ஃபார்மினுடைய உபத்திரவம் சாதுவானது. 1957-இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நீரிழிவுக்கு இதைப் பிரயோகித்து எழுதிய நாள் முதல், இதன் புகார் பெரும்பாலும் வயிற்றைப் பற்றியதே: குமட்டல், பேதி, வாயில் உலோகச் சுவை. சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினாலும், சாப்பாட்டின் நடுவிலோ முடிவிலோ உண்டாலும், மெதுவாகக் கரையும் ரகத்தை உடைக்காமல் விழுங்கினாலும் பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் சமனப்பட்டுவிடும். ஓசையின்றி வருவது வேறொன்று. பல வருஷங்கள் உண்பவர்களில் சிலருக்குப் பி12 வைட்டமின் குறைகிறது. பால் தவிர வேறு மிருக உணவு கொள்ளாதவர்களுக்கு அது இன்னும் சீக்கிரமாக நேரலாம். அதனால் விளையும் பாத மரமரப்பும் எரிச்சலும், நீரிழிவு நரம்புகளைத் தாக்குவதால் வரும் மரமரப்பைப் போலவே இருப்பதால், ‘சர்க்கரை முற்றிவிட்டது’ என்று நோயின் தலையில் பழி விழுகிறது. ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். இக்குறையை ஈடுசெய்வதும் எளிது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் முதலியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. சர்க்கரை போகும் வழியில் காளான் கிருமி வளர்வதும் சகஜம். மறைவிடத்தில் வரும் இந்த அரிப்பைச் சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் வதைபடுவோர், குறிப்பாகப் பெண்கள், எத்தனையோ பேர்; சுத்தமும், எளிய பூச்சு மருந்தும் அநேகருக்குப் போதுமானவை. வாந்தி பேதியால் ஆகாரம் செல்லாத நாளிலும், அறுவை சிகிச்சைக்கு முன்பும் இம்மாத்திரையை நிறுத்திவைப்பது குறித்து வைத்தியரை முன்னதாகவே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுந்தவுடன் தலைசுற்றுவதும் கண் இருளுவதும், வயோதிகர்களுக்கு எந்த அழுத்த மருந்தாலும் வரலாம். பிரசோசின் தொடங்கிய முதல் வேளையில் அதிகம். உட்கார்ந்தபோது ஒரு தரமும் நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தரமும் அளந்து, மேல் அளவு 20 புள்ளிகள் இறங்கினால், அதை வைத்தியரிடம் காட்டுவது இடுப்பெலும்பைக் காப்பாற்றும். இரவில் சிறுநீருக்கு எழுபவர், கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்து, கால்களை ஆட்டிவிட்டு எழுவது நல்லது.

இவ்வளவையும் கேட்டபின், ‘அப்படியானால் நாட்டு மூலிகையே மேல், அதில் உபத்திரவம் கிடையாது’ என்று சொல்பவர்கள் சர்ப்பகந்தியின் கதையை அறிவது நன்று. சிவன் அமல்பொடி என்று நம் வைத்தியர்கள் வழங்கும் அந்த மூலிகை இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பற்றி, பம்பாய் மருத்துவர் ரஸ்டம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் இருதய சஞ்சிகையில் எழுத, உலகமே அதன்பால் திரும்பியது. 1952-இல் அதன் சத்தான ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. சில வருஷங்களுக்குள்ளேயே, அதை உண்டவர்களில் சிலர் மனச்சோர்வுக்கு உள்ளானதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். செடியிலிருந்து வந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும், குணமுள்ள பொருள் எதுவும் நாம் கேட்ட வேலையை மட்டும் செய்துவிட்டு ஓய்வதில்லை.

ஆகையால் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, தாமாக நிறுத்தாமை. குளோனிடினையும் பீட்டா தடுப்பு மருந்துகளையும் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் இருதயத் துடிப்பும் முன்னைவிட வேகமாகத் திரும்பிப் பாயும். அவற்றைப் படிப்படியாகவே இறக்க வேண்டும். இரண்டாவது, மாத்திரை அட்டையைப் பற்றியது. மருந்துக் கடையில் நான்கு மாத்திரை கேட்டால், கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும் துண்டில் பாதிப் பெயரும், சில சமயம் வெறும் வெள்ளித் தகடும்தான் இருக்கும். ‘வெள்ளையாய், வட்டமாய் ஒரு மாத்திரை’ என்ற வர்ணனையை வைத்துக்கொண்டு எந்த வைத்தியரும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. முழு அட்டையாக வாங்குவதும், வெட்டித்தான் வாங்க நேர்ந்தால் பெயரையும் அளவையும் தொடங்கிய தேதியையும் ஒரு நோட்டில் எழுதுவதும், எதிரே உடம்பில் கண்ட மாறுதலைக் குறிப்பதும் பெரிய வித்தையல்ல. தேதிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பாதி நோய்நிர்ணயம் அங்கேயே ஆகிவிடும்.

மூன்றாவது, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இவ்விரு நோய்களுக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண்ணிடம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தாமல், “இதைச் சாப்பிட்ட நாள் முதல் இருமல் இருக்கிறதம்மா, டாக்டரிடம் சொல்” என்று ஒரு வார்த்தை சொல்லலாம். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்து விழிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நோயாளியே நேராக முறையிடலாம். அப்படிச் சேரும் செய்திகளிலிருந்தே ஒரு மருந்தின் அறியப்படாத குணங்கள் அரசாங்கத்துக்குத் தெரியவருகின்றன.

மருந்தின் குணம் என்ன என்பது வைத்தியருக்குத் தெரியும். அது என் உடம்பில் எங்கே தலைகாட்டியது என்பது எனக்கு மட்டுமே தெரியும். இரண்டாவது செய்தி அவர் மேசைக்குப் போய்ச் சேராத வரையில், எவ்வளவு கெட்டிக்கார வைத்தியரும் பாதி விஷயத்தை வைத்துக்கொண்டே மருந்தெழுதுகிறார். அடுத்த தடவை அவரைப் பார்க்கும்போது, அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று அவர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால், நோட்டை அவர் பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

(அடுத்த வாரம்: சிறுநீரகப் பரிசோதனைச் சீட்டை வாசிப்பது எப்படி?)